பழைய ஐபாட்ல இருந்து பாட்டை கம்ப்யூட்டருக்கு எடுப்பது எப்படி?

(எபிசோடில் பேசியது. படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தி, சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஐபாட் பத்தி. ஐபேட் இல்ல, ஐபாட். நடுவுல வட்டமா ஒரு சக்கரம், விரலால சுத்தினா பாட்டு லிஸ்ட் ஓடும், அது. உங்கள்ல பல பேர் ஸ்கூல் படிக்கும்போது அண்ணனோ, அக்காவோ, வெளிநாட்டுல இருந்து வந்த மாமாவோ கையில வச்சிருந்ததைப் பார்த்திருப்பீங்க. தொடக் கூட விட்டிருக்க மாட்டாங்க.

அந்த ஐபாட் இப்ப எங்கே? அநேகமா வீட்டு அலமாரி டிராயர்ல, பழைய சார்ஜர்களோட சிக்கிக் கிடக்கும். ஐபாட் கிளாசிக் விற்பனை 2014-ல நின்னுச்சு. கடைசி மாடலான ஐபாட் டச்சும் 2022 மே மாசத்தோட முடிஞ்சுது. அதுல பாட்டு ஏத்தின கம்ப்யூட்டர் எப்பவோ பழைய சாமான்காரர்கிட்ட போயிருக்கும். அப்படின்னா என்ன அர்த்தம்? அந்தப் பாட்டுகளோட ஒரே பிரதி அந்த டிராயர்ல இருக்கு. உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்குக்கு வயசாகிட்டே போகுது.

"ஸ்பாட்டிஃபைல எல்லாம் இருக்கே, எதுக்கு இந்தப் பாடு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பதில் கடைசியில சொல்றேன். முதல்ல வேலையை முடிப்போம்.

ஏன் நேரா இழுத்துப் போட முடியல?

பென்டிரைவ்ல இருந்து பாட்டு எடுக்கணும்னா ஃபோல்டரைத் திறந்து இழுத்துப் போடுவோம். ஐபாடும் அடிப்படையில ஒரு டிஸ்க்தான். ஆனா சொருகினா பாட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. காரணம் புரியணும்னா 2001-க்குப் போகணும்.

அந்த வருஷம் ஜூலையில நாப்ஸ்டர்ங்கிற இலவசப் பாட்டுப் பகிர்வு சேவை கோர்ட் கேஸால மூடப்பட்டுச்சு. இசை கம்பெனிகள் எல்லாம் கோபத்துல இருந்த நேரம். அக்டோபர் 23-ஆம் தேதி ஆப்பிள் முதல் ஐபாடை அறிமுகப்படுத்துது. 5 ஜிபி ஹார்ட் டிஸ்க், 1000 பாட்டு பாக்கெட்டுக்குள்ள. இது பாட்டைத் திருடிக் கை மாத்துற கருவியா ஆயிடக் கூடாதுன்னு அவங்களுக்கும் கவலை. 'பாட்டைத் திருடாதீர்கள்'னு சொல்ற ஒரு ஸ்டிக்கரையே ஐபாட் மேல ஒட்டித்தான் வித்தாங்க.

அதனால பாட்டு போற பாதையை ஒருவழிச் சாலையா வச்சாங்க. கம்ப்யூட்டர்ல இருக்கிற ஐடியூன்ஸ்ல இருந்து ஐபாடுக்குப் பாட்டு போகும். திரும்பி வராது. ஒரு ஐபாட் ஒரு லைப்ரரியோட மட்டும் சிங்க் ஆகும். நாப்ஸ்டர் காலத்து ஆட்களுக்காகப் போட்ட வேலி இன்னைக்கு நம்ம சொந்தப் பாட்டை நாமே எடுக்க விடாம நிக்குது.

ஆனா அது பூட்டு இல்ல, வெறும் திரை. பாட்டு ஃபைல்கள் அப்படியேதான் உள்ளே இருக்கு.

திரைக்குப் பின்னாடி என்ன இருக்கு?

ஐபாட் டிஸ்க்ல 'ஐபாட் கண்ட்ரோல்'னு மறைச்சு வச்ச ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ள 'மியூசிக்'. அதுக்குள்ள எஃப்00, எஃப்01, எஃப்02ன்னு வரிசையா ஃபோல்டர்கள். ஒவ்வொண்ணுலயும் பாட்டுகள். ஆனா எதுக்கும் பேர் இருக்காது. நாலு எழுத்தைக் குலுக்கிப் போட்ட மாதிரி ஏதோ ஒண்ணு இருக்கும். ஒரே ஆல்பத்தோட ஆறு பாட்டும் ஆறு ஃபோல்டர்ல கிடக்கும்.

இது பார்க்க வேணும்னே குழப்பின மாதிரி இருக்கும். எஞ்சினியரா பார்த்தா இதுல ஒரு நியாயமும் இருக்கு. முதல் ஐபாட்ல மெமரி வெறும் 32 எம்பி. ஹார்ட் டிஸ்க் சுத்தச் சுத்த பேட்டரி கரையும். அதனால சுமார் 20 நிமிஷத்துக்கான பாட்டை மொத்தமா மெமரிக்கு எடுத்துக்கிட்டு டிஸ்க்கை நிறுத்திடும். அப்படிப்பட்ட கருவி, ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் ஆயிரம் ஃபைலைத் திறந்து "உன் பேர் என்ன, எந்தப் படம்?"னு விசாரிக்க முடியுமா? முடியாது. அதனால எல்லா விவரத்தையும் ஒரே டேட்டாபேஸ் ஃபைல்ல ஐடியூன்ஸ் எழுதிக் குடுத்திடும். அந்த ஃபைலுக்குப் பேர் 'ஐடியூன்ஸ் டிபி'.

ரேஷன் கடையில நம்ம பேரை வச்சு அரிசி தர்றதில்ல, கார்டு நம்பரை வச்சுத்தானே? அது மாதிரிதான். "இந்தப் பாட்டு, இந்தப் பாடகர், இருக்கிற இடம் எஃப்23-ல அந்த நாலெழுத்து ஃபைல்"னு டேட்டாபேஸ்ல இருக்கும். டேட்டாபேஸ் வழியா பார்த்தா நூலகம். அது இல்லாம பார்த்தா மூட்டை.

இன்னொரு நல்ல சேதி இருக்கு. பாட்டோட பேர் ஃபைலுக்கு வெளியே அழிஞ்சு போச்சே தவிர, உள்ளே இருக்கு. எம்பி3 ஃபைலுக்குள்ளயே 'டேக்'னு ஒரு சின்னப் பகுதியில பேர், பாடகர், ஆல்பம் எல்லாம் எழுதியிருக்கும். அதை வச்சுப் பேரைத் திரும்ப மீட்டுடலாம்.

மூணு கேள்வி வரும். மூணுக்கும் 'வேண்டாம்'

இதுதான் இந்த எபிசோட்ல மிக முக்கியமான பகுதி. பாட்டைத் தொலைச்சவங்கள்ல பல பேர் ஐபாட் கெட்டுப் போய்த் தொலைக்கல. கம்ப்யூட்டர் கேட்ட ஒரு கேள்விக்குப் படிக்காம 'ஓகே' அழுத்தித் தொலைச்சவங்க.

முதல் கேள்வி ஐடியூன்ஸ் கேக்கும். "இந்த ஐபாட் வேறொரு லைப்ரரியோட சேர்ந்தது. இதை அழிச்சிட்டு இந்த லைப்ரரியோட சிங்க் பண்ணட்டுமா?" புதுக் கம்ப்யூட்டர்ல உங்க லைப்ரரி காலியா இருக்கும். காலியோட சிங்க் பண்ணா ஐபாடும் காலி. கேன்சல் பண்ணுங்க.

ரெண்டாவது கேள்வி விண்டோஸ் கேக்கும். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தணும்னா முதல்ல ஃபார்மேட் பண்ணணும்." டிஸ்க் கெட்டுப் போச்சுன்னு பயந்துடாதீங்க. அந்த ஐபாடை ஆரம்பத்துல மேக்ல செட் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தமா இருக்கலாம். மேக்ல செட் பண்ணது 'ஹெச்எஃப்எஸ் பிளஸ்' முறையில இருக்கும், விண்டோஸுக்கு அது படிக்கத் தெரியாது. விண்டோஸ்ல செட் பண்ணது 'ஃபேட்32', அதை ரெண்டுமே படிக்கும். இந்தக் கேள்வி வந்தா கேன்சல் பண்ணிட்டு, மேக் வச்சிருக்கிற நண்பரைத் தேடுங்க. லினக்ஸ் தெரிஞ்ச நண்பர் இருந்தாலும் போதும், அதுவும் படிக்கும்.

மூணாவது கேள்வி 'ரீஸ்டோர்'. கேக்கும்போது ஏதோ மீட்டுக் குடுக்கப் போற மாதிரி இருக்கும். உண்மையில ஐபாடைக் கடையில இருந்து வந்த நிலைக்குக் கொண்டு போயிடும். வேண்டவே வேண்டாம்.

காப்பி பண்ற முறை

முதல்ல ஐபாடைக் கையில எடுத்துப் பாருங்க. பின்பக்கம் உப்பியிருக்கா? ஸ்கிரீன் தூக்கிக்கிட்டு நிக்குதா? அப்படின்னா பேட்டரி வீங்கியிருக்கு. சார்ஜ் போடாதீங்க, அழுத்தி மூடாதீங்க. ரிட்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல இதெல்லாம் கழட்டத் தெரிஞ்சவங்க கிட்ட குடுத்து முதல்ல பேட்டரியை மாத்துங்க. உப்பல் இல்லைன்னா கேபிளைச் சொருகி அரை மணி நேரம் விடுங்க. பல வருஷம் தூங்கினது எழுந்திருக்க நேரம் எடுக்கும்.

அடுத்து, ஐடியூன்ஸே இல்லாத ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் கிடைச்சா அதுதான் ரொம்ப பாதுகாப்பு. தானா சிங்க் பண்றதுக்கு அங்கே ஆளே கிடையாது. ஐடியூன்ஸ் இருக்கிற கம்ப்யூட்டர்னா, சொருகும்போது ஷிஃப்ட், கண்ட்ரோல் ரெண்டு கீயையும் அழுத்திப் பிடிச்சுக்கோங்க. மேக்னா கமாண்டும் ஆப்ஷனும். ஐபாட் திரையில வந்த பிறகு விடுங்க. அப்ப தானா சிங்க் ஆகாது.

டிஸ்க் தெரியவே இல்லையா? கிளாசிக் மாடல்ல மெனு பட்டனையும் நடு பட்டனையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் வர்ற வரைக்கும் அழுத்துங்க. வந்ததும் விட்டுட்டு உடனே நடு பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அழுத்துங்க. 'டிஸ்க் மோட்'னு வரும். இப்ப அது ஒரு சாதா ஹார்ட் டிஸ்க்.

மறைஞ்சிருக்கிற ஃபோல்டரைப் பார்க்க, விண்டோஸ் 11-ல வியூ, அதுக்குள்ள ஷோ, அதுக்குள்ள 'ஹிட்டன் ஐட்டம்ஸ்'. மேக்ல கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூணையும் ஒண்ணா அழுத்தினா போதும்.

இப்ப 'ஐபாட் கண்ட்ரோல்' ஃபோல்டரை முழுசா காப்பி பண்ணுங்க. கவனிங்க, மியூசிக் ஃபோல்டரை மட்டும் இல்ல, முழுசா. ஏன்னு பின்னாடி சொல்றேன். பழைய டிஸ்க், அவசரப்படாது. வினாடிக்கு 15 எம்பி வேகம்னு வச்சுக்கிட்டாலும் 60 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நடுவுல 'டிக் டிக்'னு சத்தம் வந்து நிக்குதுன்னா, திரும்பத் திரும்ப முழுசையும் முயற்சி பண்ணாதீங்க. எஃப்00, எஃப்01ன்னு ஒவ்வொரு ஃபோல்டரா எடுங்க. கிடைச்ச வரைக்கும் கையில இருக்கும்.

முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் சைஸும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒத்துப் போனா இன்னொரு டிஸ்க்ல ஒரு பிரதி. அதுக்கப்புறம்தான் மத்த வேலை. ஐபாடை எஜெக்ட் பண்ணிப் பத்திரமா வச்சுடுங்க.

ஒரு விதிவிலக்கு, ஐபாட் டச். அது உள்ளுக்குள்ள போன் மாதிரி. டிஸ்கா தெரியாது. அதுக்குத் தனி சாஃப்ட்வேர் வேணும். மினி, நானோ, ஷஃபிள், கிளாசிக் எல்லாத்துக்கும் மேல சொன்ன வழிதான்.

பேர் இல்லாத பாட்டுக்குப் பேர் வைப்பது

கையில இப்ப சில ஆயிரம் நாலெழுத்து ஃபைல். மேக்னா 'மியூசிக்' ஆப், விண்டோஸ்னா ஐடியூன்ஸ். செட்டிங்ஸ்ல ரெண்டு விஷயத்தை டிக் பண்ணுங்க. ஒண்ணு, சேர்க்கிற ஃபைல்களை மீடியா ஃபோல்டருக்குக் காப்பி பண்ணணும். ரெண்டு, அந்த ஃபோல்டரை ஒழுங்கா வச்சுக்கணும். அப்புறம் காப்பி பண்ண ஃபோல்டரை உள்ளே இழுத்துப் போட்டா, டேக்கைப் படிச்சுப் பாடகர், ஆல்பம்னு ஃபோல்டர் போட்டு, பாட்டுப் பேரோட அடுக்கிடும். ஐடியூன்ஸ் பிடிக்காதுன்னா 'எம்பி3டேக்'னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுவும் டேக்ல இருந்து ஃபைலுக்குப் பேர் வைக்கும்.

ஆனா நம்ம ஊர் பாட்டுல ஒரு சிக்கல் இருக்கு. டேக் சரியா இருக்கணுமே! ஆடியோ சிடியில பொதுவா பாட்டுப் பேரே கிடையாது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு பாட்டோட நீளத்தையும் கணக்குப் பார்த்து, இணையத்துல இருக்கிற ஒரு பட்டியலோட ஒப்பிட்டுத்தான் பேர் கண்டுபிடிக்கும். இணையம் இல்லாம சிடியை ஏத்தின வீட்டுல எல்லாப் பாட்டும் 'டிராக் 01', 'டிராக் 02'தான்.

பழைய டேக் முறையில தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். அதனால நீளமான பாட்டுப் பேர் பாதியில வெட்டுப்பட்டிருக்கும். இளையராஜா பேரை ஆங்கில எழுத்துல மூணு விதமா எழுதியிருப்பாங்க, கம்ப்யூட்டருக்கு அது மூணு ஆள். நெட்ல இறக்கின பாட்டுன்னா ஆல்பம் பேருக்குப் பதிலா ஏதோ ஒரு வெப்சைட் பேர் உக்கார்ந்திருக்கும்.

இன்னொண்ணு. நாம பாட்டை "ரஹ்மான் பாட்டு", "யுவன் பாட்டு"ன்னு இசையமைப்பாளரை வச்சுத் தேடுவோம். டேக்ல 'ஆர்ட்டிஸ்ட்'ங்கிற இடத்துல பாடகர் பேர் இருக்கும். ஒரே படத்துல அஞ்சு பாடகர்னா படமே அஞ்சா உடைஞ்சு போகும். தீர்வு சுலபம். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்'ங்கிற இடத்துல இசையமைப்பாளர் பேரைப் போடுங்க. பாடகர் பேர் அவங்க இடத்துலயே இருக்கட்டும். மொத்தப் படமும் ஒண்ணா சேர்ந்துடும்.

பேரே இல்லாத பாட்டுக்கு 'மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட்'னு ஒரு இலவச சாஃப்ட்வேர். பாட்டோட ஒலியையே கைரேகை மாதிரி எடுத்து ஒப்பிட்டுப் பேர் சொல்லும். எல்லாத் தமிழ்ப் பாட்டையும் கண்டுபிடிச்சிடும்னு எதிர்பார்க்காதீங்க. மிச்சத்தை அம்மாகிட்ட போட்டுக் காட்டுங்க. முதல் ரெண்டு வினாடி வீணையிலயே படம் பேர் வந்துடும்.

பூட்டுப் போட்ட பாட்டு

சில ஃபைல் 'எம்4பி'ன்னு முடியும். அது ஐடியூன்ஸ் கடையில 2009-க்கு முன்னாடி வாங்கினது. அதுல நிஜமாவே பூட்டு உண்டு. காப்பி பண்ணலாம், ஆனா வாங்கினவரோட ஆப்பிள் அக்கவுண்ட்டால அனுமதிச்ச கம்ப்யூட்டர்ல மட்டும்தான் பாடும். அதிகபட்சம் 5 கம்ப்யூட்டர். அந்த அக்கவுண்ட்டோட பாஸ்வேர்ட் தெரிஞ்சா ஐடியூன்ஸே 'டிரான்ஸ்ஃபர் பர்ச்சேசஸ்'னு ஒரு வழி வச்சிருக்கு.

நம்ம ஊர்ல இது அரிது. இந்தியாவுக்கு ஐடியூன்ஸ் கடை வந்ததே 2012 டிசம்பர்ல. அதுக்குள்ள பாட்டுல இருந்து பூட்டை எடுத்துட்டாங்க. அமெரிக்கா மாமாவோட ஐபாட்னா மட்டும் இதைப் பத்தி யோசிங்க. கடையில வாங்கின பாட்டு ஃபைலுக்குள்ள வாங்கினவரோட பேரும் ஈமெயிலும் இருக்கும், அதனால அதை வெளியே பகிராதீங்க.

ஏன் முழு ஃபோல்டர்?

இப்ப ஆரம்பத்துல விட்ட கேள்விக்கு வர்றேன்.

எங்க சித்தப்பாகிட்ட 80 ஜிபி கிளாசிக் ஒண்ணு இருந்துச்சு. அவர் தவறி சில வருஷம் ஆச்சு. சித்தி அதை என்கிட்ட குடுத்து, "இதுல இருக்கிறதை என் போன்ல போட்டுக் குடுடா"ன்னாங்க. மேல சொன்ன மாதிரியே எல்லாத்தையும் எடுத்தேன். தேடிப் பார்த்தா, பெரும்பாலான பாட்டு ஸ்டிரீமிங்ல இருக்கு. இன்னும் நல்ல தரத்துலயே இருக்கு. அப்ப இவ்வளவு வேலையும் எதுக்கு?

டேட்டாபேஸைத் திறந்தேன். 'காலை'னு ஒரு பிளேலிஸ்ட். 11 பாட்டு, மொத்தம் 52 நிமிஷம். ஒரு முருகன் பாட்டுல ஆரம்பிச்சு, நடுவுல எழுபதுகளோட மெலடி, கடைசியில சம்பந்தமே இல்லாம ஒரு குத்துப்பாட்டு. என்ன வரிசை இதுன்னு எனக்குப் புரியல. சித்திகிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டுச் சொன்னாங்க: "அவர் வாக்கிங் போயிட்டு வர்ற நேரம்டா அது. கடைசிப் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கிட்டேதான் கேட்டைத் திறப்பார்."

அந்த 11 பாட்டும் எந்த ஆப்லயும் கிடைக்கும். அந்த வரிசை எங்கேயும் கிடைக்காது. ஒரு பாட்டை எத்தனை முறை கேட்டாங்க, கடைசியா எப்ப கேட்டாங்க, எதுக்கு எத்தனை நட்சத்திரம் குடுத்தாங்க, பிளேலிஸ்ட்ல எதுக்கு அப்புறம் எதை வச்சாங்க, இது எதுவும் பாட்டு ஃபைல்ல இருக்காது. டேட்டாபேஸ்லயும் அது பக்கத்துல இருக்கிற சின்னச் சின்ன ஃபைல்கள்லயும்தான் இருக்கும். மியூசிக் ஃபோல்டரை மட்டும் எடுத்தா பாட்டு வரும், கேட்ட ஆள் வரமாட்டார். முழு ஃபோல்டரை எடுங்கன்னு சொன்னது அதுக்குத்தான்.

இதைப் படிக்க வழி இருக்கு. லினக்ஸ்ல 'ரிதம்பாக்ஸ்' ஐபாடோட பிளேலிஸ்ட்டை அப்படியே காட்டும். டேட்டாபேஸோட அமைப்பை ஆர்வலர்கள் பல வருஷத்துக்கு முன்னாடியே பிரிச்சுப் பார்த்து எழுதி வச்சிருக்காங்க. அதனால புரோகிராமிங் தெரிஞ்சவங்க நேராவே படிக்கலாம். உள்ளே ஃபோல்டர் பாதையில சாய்கோட்டுக்குப் பதிலா பழைய மேக் வழக்கப்படி ரெட்டைப் புள்ளி இருக்கும், அதை மட்டும் மாத்திக்கோங்க. பின்னாடி வந்த சில நானோக்கள்ல அமைப்பு கொஞ்சம் வேற.

இது எதுவுமே வேண்டாமா? போனை எடுங்க. ஐபாட்ல பிளேலிஸ்ட்டைத் திறந்து பக்கம் பக்கமா போட்டோ பிடிங்க. 'அதிகம் கேட்ட 25'ன்னு ஐடியூன்ஸ் தானா போட்டு வச்ச ஒரு லிஸ்ட்டும் இருக்கும், அதையும் பிடிங்க. ஹார்ட் டிஸ்க் இன்னைக்கு ராத்திரியே நின்னாலும் வரிசை உங்க கையில.

சுருக்கமா

பேட்டரி உப்பலான்னு பாருங்க. பிளேலிஸ்ட்டைப் போட்டோ எடுங்க. சிங்க், ஃபார்மேட், ரீஸ்டோர் மூணுக்கும் வேண்டாம் சொல்லுங்க. 'ஐபாட் கண்ட்ரோல்' ஃபோல்டரை முழுசா ரெண்டு இடத்துல காப்பி பண்ணுங்க. பேர் வைக்கிறது, அடுக்கிறது எல்லாம் அப்புறம் ஆற அமரப் பார்த்துக்கலாம், அதுக்கு அவசரம் இல்ல. காப்பிக்கு மட்டும்தான் அவசரம்.

இந்த ஞாயித்துக்கிழமை அந்த டிராயரைத் திறந்து பாருங்க. உள்ளே என்ன பிளேலிஸ்ட் கிடைச்சுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, நல்லதா இருந்தா அடுத்த எபிசோட்ல பேசுவோம்.